குவாசா எங்கே போகிறது

திரையில் 'குவாசா' என்ற சொல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஆங்கிலத்தில் கே-க்குப் பதிலாக கியூ போட்டுக் கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தார்கள். அமெரிக்கனோ ஜப்பான்காரனோ விளையாடினால், ஏதோ கற்பனை உலகத்து எரிபொருளின் பெயர் என்று தாண்டிப் போயிருப்பான். காப்பாரில் வளர்ந்தவனால் அப்படித் தாண்ட முடியாது. எங்கள் ஊர்க் கடலோரத்தில் நிற்கும் மின்நிலையத்தை மலாயில் 'ஸ்டெசென் ஜானாகுவாசா' என்பார்கள். சின்ன வயதில் அதன் புகைபோக்கிகள் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வீடு நெருங்கிவிட்டதைத் தெரிந்துகொள்வேன். பிறகு மின்பொறியியல் படித்தபோது அதன் முழுத்திறன் 2,420 மெகாவாட் என்று மனப்பாடம் செய்தேன். சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸிஸ் பெயரில் உள்ள நிலையம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'பவர் ஸ்டேசன்' அவ்வளவுதான்.

மலாயில் மின்சாரத்தின் திறனும் குவாசாதான், ஆள்கிறவன் கையில் இருப்பதும் குவாசாதான். நகராண்மைக் கழகத்திலிருந்து வரும் கடிதத்தில் 'பிஹாக் பெர்குவாசா' என்று இருந்தால் அது அதிகாரத் தரப்பு. தமிழில் இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறோம். மின்திறன் ஒரு பக்கம், அதிகாரம் இன்னொரு பக்கம். நான் இப்போது விளையாடிக்கொண்டிருக்கும் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' இந்த ஒரு மலாய்ச் சொல்லின் இரண்டு பொருளையும் பிரிக்காமல் வைத்து, அதன்மேல் ஒரு நகரத்தைக் கட்டியிருக்கிறது. (பெயருக்கு 'நேரான சாலைகள் இல்லை' என்று பொருள். கிள்ளானிலிருந்து காப்பாருக்கு வரும் சாலை ஓரளவு நேர்தான், லாரிகள்தான் நம்மை நேராகப் போக விடுவதில்லை.)

இன்னும் முடிக்கவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். முடிக்காத நாவலுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை, தெரியும். ஆனால் இந்த வகை கேமில் முதல் சில மணி நேரத்துக்கு ஒரு தனி மதிப்பு இருப்பதாக நினைக்கிறேன். கை இன்னும் பழகியிருக்காது. எந்தப் பொத்தான் எதற்கு என்று தடவுகிற நேரம் அது. பழகிய பிறகு எது கடினமாக இருந்தது, எது காதில் புதிதாக விழுந்தது என்பதெல்லாம் மறந்துபோகும். அந்தத் தடுமாற்றம் இருக்கும்போதே எழுதிவிடுவோம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் விவரம். இது கோலாலம்பூரில் செய்யப்பட்ட கேம். ஜப்பானில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தில் 'ஃபைனல் ஃபேன்டசி 15' வடிவமைப்பில் பெரிய பொறுப்பில் இருந்த வான் ஹஸ்மரும், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5'க்கு ஓவியம் வரைந்த அவருடைய உறவினர் டைம் ஜியாவுடினும் சேர்ந்து 2017இல் மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் படைப்பு இது. 2020 ஆகஸ்ட் 25 அன்று வெளிவந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. கோவிட் நேரம், வீட்டில் இருந்தபடியே இறுதியாண்டுத் திட்டத்தை முடிக்கத் திண்டாடிக்கொண்டிருந்தேன். கேம் வாங்கக் காசும் இல்லை, மனமும் இல்லை. இந்த வருடம்தான் தள்ளுபடி விலையில் கிடைத்தது.

கதை இதுதான். வைனல் சிட்டி என்ற நகரத்தில் மின்சாரம் இசையிலிருந்து வருகிறது. அந்த மின்சாரத்தின் பெயர்தான் குவாசா. என்.எஸ்.ஆர். என்ற நிறுவனம் அதை நடத்துகிறது. அவர்களுக்குப் பிடித்த இசை இ.டி.எம்., அதாவது கணினியில் செய்யும் மின்னணு நடன இசை. மேடே என்ற பெண் கித்தார் வாசிக்கிறாள், ஸுக் என்ற இளைஞன் டிரம்ஸ். இரண்டு பேரும் தேர்வு மேடையில் ராக் வாசிக்கிறார்கள். அவர்கள் வாசிப்பில் குவாசா நன்றாகவே பெருகுகிறது, அதை நம் கையாலேயே பெருக்கவும் செய்கிறோம். ஆனாலும் தோற்றதாக அறிவிக்கிறார்கள். ராக்கின் காலம் முடிந்துவிட்டது என்பது தீர்ப்பு. வெளியே வருகிறார்கள். நகரம் இருட்டாகிறது. என்.எஸ்.ஆருக்கு வேண்டப்பட்ட இடத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. அதைப் பார்த்த பிறகுதான் இருவரும் என்.எஸ்.ஆர். கலைஞர்களின் கச்சேரிகளில் ஒவ்வொன்றாகப் புகுந்து கலைக்க முடிவெடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் மின்சாரம் போனால் ஜென்செட் ஓடும். ஆனால் ஜென்செட்டால் எல்லாவற்றையும் தாங்க முடியாது. எது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று முன்பே ஒரு பட்டியல் போட்டு அதன்படி வயர் இழுத்திருப்பார்கள். எசென்ஷியல் லோட் என்பார்கள். தீயணைப்புப் பம்பு, அவசர விளக்கு, லிஃப்ட் இவற்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்குக் கீழேதான் பேரம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உற்பத்தி வரிசை, சர்வர் அறை, மேலாளர்களின் மாடியில் ஏர்கோன் என்று வரிசையாக வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியின் மின்விசிறிகள் பட்டியலில் வரவில்லை. யாரும் 'அவர்களுக்கு வேண்டாம்' என்று சொல்லவில்லை. கணக்கு இடித்தது, அவ்வளவுதான். எக்செல் தாளில் அந்த வரியை நீக்கியது நான். கையெழுத்தும் என்னுடையதுதான்.

ஆகவே வைனல் சிட்டி இருட்டானபோது எனக்கு வில்லன் தெரியவில்லை. ஒரு பட்டியல் தெரிந்தது. எங்கேயோ ஓர் இளம் பொறியாளன் உட்கார்ந்து அதைத் தயாரித்திருப்பான் என்று தோன்றியது.

என் பாட்டிக்கு இதெல்லாம் புதிதில்லை. அவர் வளர்ந்த தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு இஞ்சின் ரூமிலிருந்து மின்சாரம் வருமாம். ராத்திரி பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு துரை பங்களாவில் மட்டும் வெளிச்சம். "அது ஒண்ணும் அநியாயம்னு நாங்க நினைச்சதில்லைய்யா, பத்து மணி ஆனா படுக்கணும்னு நினைச்சோம்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பது கேமின் திரைக்கதையில் இல்லை. மேடேவுக்கு இருட்டைப் பார்த்த உடனே கோபம் வருகிறது. பட்டியல் சரியாக வேலை செய்யும்போது யாருக்கும் கோபமே வருவதில்லை. இருட்டு நேரம் தூங்கும் நேரமாகிவிடுகிறது. கேமை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஒரு சண்டை தொடங்க யாராவது கோபப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, சண்டைக்கு வருவோம்.

இதை ஆக்‌ஷன் அட்வெஞ்சர் வகை என்கிறார்கள். ஓடலாம், குதிக்கலாம், அடிக்கலாம், நடுவில் ஊர் சுற்றலாம். மேடேவின் அடி கனமானது, ஸுக்கின் அடி சிறியது, வேகமானது. ஒருவர் மட்டும் விளையாடினால் இருவருக்கும் மாறி மாறி விளையாடலாம். இசை கேம் என்றதும் தாளத்துக்குச் சரியாகப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நினைத்துப் பயந்திருந்தேன். அப்படி இல்லை. நாம் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். எதிரிதான் தாளத்துக்கு அடிப்பான். முதல் பெரிய எதிரி டிஜே சப்அட்டாமிக் சூப்பர்நோவா என்று ஒரு தற்பெருமைக்காரன். நடுவில் அவன், சுற்றிலும் கோள்கள். அண்டமே தன்னைச் சுற்றுகிறது என்று நினைப்பவனுக்கு அப்படி ஒரு மேடை. அவனிடமிருந்து வருவது எல்லாமே பாட்டின் அடியில்தான் வரும். கண்ணால் பார்த்துத் தப்பிக்க முயன்று ஏழெட்டுத் தடவை செத்தேன்.

தம்பி அன்றைக்கு வீட்டில் இருந்தான். அவனுக்கு கேம் பைத்தியம் கிடையாது. கோவில் திருவிழாக்களில் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன். சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, நீ ஏன் திரையப் பார்க்கிற? அடுத்த அடி எப்போன்னு பாட்டே சொல்லுதே."

"பார்க்காம எப்படிடா விளையாடுறது?"

"குடு இங்க."

கொடுத்தேன். அவனுக்குப் பொத்தான்கள் தெரியாது. எது குதிப்பது, எது விலகுவது என்று கேட்டுக்கொண்டான். பிறகு முழங்காலில் லேசாகத் தட்டிக்கொண்டே விலகத் தொடங்கினான். அடிக்க வரவில்லை, ஆனால் அடி வாங்கவும் இல்லை. உறுமியில் அடி மாறப்போகிறது என்று காவடி தூக்கியவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? வாசிப்பவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாற்றத்துக்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு வரும், கால் அதைப் பிடித்துக்கொள்ளும். தம்பி செய்தது அதுதான். பல வருடம் துப்பாக்கி கேம்களில் கண்ணைப் பழக்கி வைத்திருந்த நான், காதை முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. இப்போது இருவரும் சேர்ந்துதான் விளையாடுகிறோம். அவன் ஸுக், நான் மேடே. இரண்டு பேர் விளையாட வசதி இருக்கிறது. எனக்கு இந்த கேமில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்: கேட்பதை ஒரு திறமையாக மதிக்கிறது.

மதிக்காத இடமும் உண்டு. கேமரா. பல சண்டைகளில் அது ஓரிடத்தில் நின்றுவிடும், நம்மால் திருப்ப முடியாது. எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிப்பது சிரமம். காற்றில் கித்தாரை வீசிக்கொண்டிருப்பேன், எதிரி இரண்டு அடி தள்ளி நிற்பான். காது சரியாகச் சொல்லியும் கண் ஏமாற்றினால் எரிச்சல்தான் வரும். சண்டைகளுக்கு நடுவில் ஊர் சுற்றும் பகுதி படம் வரைந்த அட்டைபோல அழகாக இருக்கிறது, ஆனால் செய்ய அதிகம் இல்லை. மேடே வாய் ஓயாமல் பேசுகிறாள். அவள் நகைச்சுவையில் பாதி எனக்கு எட்டவில்லை. மீதிப் பாதிக்குத் தம்பி சிரித்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கதை நம்மை ராக்கின் பக்கம் நிற்கச் சொல்கிறது. ஆனால் நல்ல பாட்டெல்லாம் வில்லன்களிடம் இருக்கிறது. சண்டை நடக்கும்போது நம் கை ஓங்க ஓங்க, இ.டி.எம். பாட்டுக்குள் கித்தாரும் டிரம்ஸும் நுழைந்து அதே பாட்டு ராக்காக மாறும். அந்த மாற்றம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் குளிக்கும்போது முணுமுணுப்பது வில்லனின் மெட்டைத்தான். தடை செய்யப்பட்ட இசைக்காகப் போராடும் கதையில், தடை செய்கிறவனின் இசை இவ்வளவு நன்றாக இருந்தால் என்ன செய்வது? ஒருவேளை அதைத்தான் சொல்ல வருகிறார்களோ என்னவோ, பின்பாதியில் தெரியலாம். இப்போதைக்கு, ராக் ஏன் வேண்டும் என்று இந்தக் கதை வாயால் சொல்கிறது, காதுக்குக் காட்டவில்லை.

ஆனால் ராக்கைத் தடை செய்யும் ஓர் அரசு என்பது வெளிநாட்டு வாசகருக்குத் தோன்றும் அளவுக்கு விசித்திரக் கற்பனை அல்ல. 1992இல் தகவல் அமைச்சராக இருந்தவர் முகமட் ரஹ்மாட். நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்.டி.எம்.மில் தோன்ற முடியாது என்று ஆனது. 'சர்ச்', 'விங்ஸ்' குழுக்களின் பெரிய நட்சத்திரங்களே முடியை வெட்டிக்கொண்டார்கள். என் அப்பா தமிழ்ப் பாட்டைத் தவிர வேறெதையும் கேட்காதவர். அவருக்கே அந்தச் செய்தி நினைவிருக்கிறது. அதே தொண்ணூறுகளில்தான் கிளந்தானில் வாயாங் கூலிட் என்ற நிழல்பாவைக் கூத்துக்கும் மாநில அரசு தடை போட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேமில் டி.கே. வெஸ்ட் என்று ஒருவன் வருகிறான். ஸுக்கின் அண்ணன். வழியில் நின்று நம்மைச் சண்டைக்கு இழுப்பான். அவனுடைய ஆயுதம் ராப், அதுவும் மலாயில். அவன் பின்னால் வாயாங் கூலிட் பாவையின் சாயலில் ஒரு பெரிய கரிய நிழல் எழும். ஒரு பக்கம் ராக், இன்னொரு பக்கம் நிழல்பாவை. ஒரே பத்தாண்டில் இந்த நாட்டில் 'கூடாது' என்று சொல்லப்பட்ட இரண்டும் ஒரே கேமில் எதிரெதிரே நிற்கின்றன. அந்தக் கூத்தின் மூலக்கதை இராமாயணம்தான். அங்கே இராவணனுக்கு மஹாராஜா வானா என்று பெயர். அந்த நிழல் சுவரில் ஏறியபோது எனக்குப் புல்லரித்தது.

இப்படி நம்மூர் ஆட்களுக்கு மட்டும் கண்ணடிக்கிற இடங்கள் நிறைய. நகரத்தின் ஒரு பகுதிக்குப் பெயர் அகுசுகா. ஜப்பானின் அசாகுசாவைக் கொஞ்சம் திருகினால் மலாயில் 'எனக்குப் பிடிக்கும்' என்று வந்துவிடுகிறது. மேடே பேசும் ஆங்கிலத்தில் நம்மூர் வாடை. ஹாலிவுட் ஆங்கிலத்தில் கேம் விளையாடி வளர்ந்த எங்களுக்கு, கதாநாயகி பூச்சோங்கில் வளர்ந்தவள்போலப் பேசுவது முதல் அரை மணி நேரம் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டேன்.

இனி நான் சொல்லத் தயங்கிய ஒன்று. முதல் நாளிலிருந்தே என் காது வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு தமிழ்க் குரல், சுவரில் ஒரு தமிழ் எழுத்து, ஓரமாக நிற்கும் ஒரு மாமா. விளையாடிய இத்தனை நேரத்தில் எதுவும் கிடைக்கவில்லை. டி.கே. வெஸ்ட் மலாயில் ராப் பாடத் தொடங்கியதும் எனக்கு யோகி பி தான் நினைவுக்கு வந்தார். பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பு 1998இல் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று நான்கு மொழிகளில் ராப் பாடினார்கள். பிறகு 2006இல் யோகி பி-யும் நட்சத்ராவும் செய்த 'வல்லவன்' தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. மலேசிய ராப் என்று ஒருவர் நினைக்கும்போது இது நினைவில் வராமல் எப்படிப் போகும் என்று கோபம் வந்தது.

கோபத்தோடு இரண்டு நாள் விளையாடாமல் இருந்தேன். அப்புறம் என்னையே கேட்டுக்கொண்டேன். நான் என்ன எதிர்பார்க்கிறேன்? எல்லா மலேசியப் படைப்பிலும் மூன்று இனத்துக்கும் ஆளுக்கு ஒரு நாற்காலியா? மெர்டேக்கா தின விளம்பரங்கள் அதைத்தான் வருடா வருடம் செய்கின்றன. அதில் வரும் புடவை கட்டிய அக்காவைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் புல்லரித்ததில்லை. இரண்டு மலாய் உறவினர்கள் தங்கள் வீட்டு நினைவுகளை வைத்து ஒரு நகரம் கட்டியிருக்கிறார்கள். ராக், ஜப்பான், வாயாங் கூலிட், அம்மா மொழியில் ராப். அதில் பொய் இல்லை. கணக்குக்காக ஓர் உறுமிக்காரரை ஓரத்தில் நிறுத்தியிருந்தால் அதுதான் பொய்யாக இருந்திருக்கும்.

ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. போகவும் வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வளவு சத்தமான ஒரு தாளம் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தாமானில் பக்கத்து வீட்டுப் பையன் பயிற்சி செய்யும்போது கதவைச் சாத்தியவர்களுக்கும் தெரியும். எத்தனை மணி வரை வாசிக்கலாம், எந்தப் பாட்டை வாசிக்கக் கூடாது என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசும் தாளம் அது. சண்டைக் கதை கேட்டு நிற்கிறது. அதை வான் ஹஸ்மர் செய்ய வேண்டும் என்று நான் காத்திருப்பது நியாயமில்லை. நம்மில் கேம் செய்யத் தெரிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எசென்ஷியல் லோட் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "உறுமிய வச்சு கேமா? கேமரா மட்டும் ஒழுங்கா வைங்க" என்றான்.

நேற்று இரவு சண்டை எதுவும் போடவில்லை, ஊர் மட்டும் சுற்றினோம். தெருவில் ஆங்காங்கே குவாசா கிடக்கும், பொறுக்கிச் சேர்க்கலாம். அணைந்து கிடக்கும் விளக்குகளுக்கும் இயந்திரங்களுக்கும் அதைப் போட்டால் அவை உயிர் பெறும். நமக்கு ரசிகர்கள் கூடுவார்கள். ரசிகர்கள் கூடினால் புதுத் திறமைகள் வாங்கலாம். கையில் குறைவாகத்தான் இருந்தது. எதற்குப் போட்டால் ரசிகர்கள் அதிகம் வருவார்கள் என்று பார்த்து, நான் பெரிய இயந்திரமாகத் தேடி ஓடினேன். தம்பி அதற்குள் ஒரு சந்தில் இருந்த தெருவிளக்குக்குப் போடலாம் என்று நின்றுகொண்டிருந்தான்.

"அங்க யாருடா இருக்கா? ரசிகன் வரமாட்டான்" என்றேன்.

"இருட்டா இருக்குண்ணே" என்றான்.

போட்டோம். பிறகு பெரிய இயந்திரத்துக்கு குவாசா போதவில்லை. அகுசுகாவில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்கிறான். இன்று இரவு எனக்கு ஷிஃப்ட், நாளைக்குத்தான் போக வேண்டும்.